ஜோடி ஜோடியாக வாங்காதீர்கள்: ஒரே தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன் சேரும்?

புதிதாக 2 அடித் தொட்டி வாங்குபவர் கடையை விட்டுக் கிளம்பும்போது பையில் இருப்பது பெரும்பாலும் இதுதான்: கோல்டு ஃபிஷ் ஒரு ஜோடி, ஏஞ்சல் ஒரு ஜோடி, டைகர் பார்ப் ஒரு ஜோடி, ஷார்க் ஒரு ஜோடி, "பாசி தின்னும், தொட்டி சுத்தமா இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்த சக்கர் ஒன்று. பூவும் பழமும் போல மீனையும் இரண்டிரண்டாக எடுத்துப் பழகிய கை. இரண்டு மூன்று வாரத்தில் ஏஞ்சலின் நீளத் துடுப்பு நார் நாராகத் தொங்கும். கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஷார்க் இரவில் கண்ணாடியில் மோதும் சத்தம் கேட்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சாகும், கடைசியில் சக்கர் மட்டும் மிஞ்சும்.

இந்தப் பையில் நோய் மீன் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் முடிவு இதேதான். ஒன்று 20 டிகிரி தண்ணீருக்குப் பழகியது, ஒன்று 28 டிகிரி கேட்பது, ஒன்று கூட்டமாக வாழ்வது, ஒன்று ஒரு மீட்டர் நீளம் வளர்வது. ஒரு வீட்டில் குடிவைக்க முடியாதவர்களை ஒரே அறையில் போட்டுப் பூட்டிய கதை.

சேர்க்கை என்றவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "இது அதைக் கடிக்குமா?" என்பதுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் தண்ணீர், அடுத்து வளர்ந்த பிறகு வரும் அளவு, அதற்குப் பிறகுதான் குணம். வரிசையை மாற்றினால், கடிக்காத மீன்களாகப் பார்த்து வாங்கி, அவை எல்லாம் சண்டையில்லாமல் சாவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டுக் குழாய் என்ன மீன் கேட்கிறது

புதுச்சேரியிலும் கடலூரிலும் கடலோரத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பேறியது. உள்ளே வில்லியனூர், நெல்லிக்குப்பம் பக்கம் போனால் வேறு மாதிரி. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு போருக்கே வித்தியாசம் இருக்கும். ஆகவே பக்கத்து வீட்டுத் தொட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீன் வாங்கும் முன்பு அதை வாங்குங்கள். அது இல்லாமலும் ஒரு குத்துமதிப்பு உண்டு: வெந்நீர்க் கம்பியில் சுண்ணாம்பு ஏடு கட்டினால், ஷவர் துளை வெள்ளையாக அடைத்தால், சோப்பு நுரைக்க அடம்பிடித்தால் உங்களுடையது கடினத் தண்ணீர்.

மீட்டர் காட்டும் எண்ணை இப்படி வைத்துக்கொள்ளலாம், இது கைக்கணக்குதான். 250-க்குக் கீழே இருந்தால் கடையில் கிடைக்கும் பண்ணை மீன்களில் பெரும்பாலானவை ஒத்துப்போகும். 250 முதல் 500 வரை கௌராமி, ஏஞ்சல், பார்ப், அடிமட்டத்தில் மேயும் ஸ்டெர்பாய் கோரி எல்லாம் தாக்குப்பிடிக்கும். 500-ஐத் தாண்டினால் குட்டி போடும் மீன்கள் பக்கம் திரும்புங்கள்: கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில். 1000-க்கு மேல் போனால் மோலியும் கப்பியும்தான் முழு நிம்மதியாக இருக்கும். மோலி உப்புத் தண்ணீரையே தாங்கும் மீன். கப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். கொசுப்புழு ஒழிக்கக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிற அதே மீன்தான், நம்ம ஊர்த் தண்ணீரில் அது தானே பெருகும்.

இந்தப் பட்டியலில் நியான் டெட்ரா இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அமேசான் பக்கத்து மென்னீரில், 20 முதல் 26 டிகிரிக்குள் வாழும் மீன் அது. கடினமான போர் தண்ணீரில், மே மாத வெயிலில் அது நாளுக்கு இரண்டாகக் குறைந்துகொண்டே வரும். அதைப் போலவே இருந்து, சிவப்புக் கோடு முழு உடம்புக்கும் ஓடும் கார்டினல் டெட்ரா கொஞ்சம் சூடு தாங்கும். ஆனால் அதற்கும் மென்னீர் வேண்டும்.

ஆசைப்பட்ட மீனுக்குத் தண்ணீரை மாற்ற முடியாதா? முடியும், வாராவாரம் செய்யத் தயாராக இருந்தால். போர் தண்ணீர் 1000, வீட்டு ஆர்.ஓ. 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். போர் ஒரு பங்கு, ஆர்.ஓ. இரண்டு பங்கு கலந்தால் சுமார் 370 வரும். ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்துக்கும் அதே விகிதம். ஒரு வாரம் சோம்பல்பட்டு நேரே குழாயைத் திறந்துவிட்டால் மீனுக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆர்.ஓ. மட்டும் ஊற்றுவதும் தப்பு: அதில் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் தாதுக்கள் இல்லாததால், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். ஒரே இரவில் சரியக்கூடும். இன்னொரு கண்ணி, மாடித் தொட்டிக்குப் பக்கத்தில் உப்பு போட்டு ஓட்டும் வாட்டர் சாஃப்ட்னர். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும். சோப்பு நுரைக்கும், ஆனால் டி.டி.எஸ். குறையாது, மீனுக்கு அது மென்னீரும் ஆகாது. சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் இருந்தால் அங்கிருந்து பிடியுங்கள்.

நகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின். ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்தாலே பறந்துவிடும், அவசரத்துக்கு ஆன்டி குளோரின் சொட்டு. மழை வெள்ளத்துக்குப் பிறகு பிளீச்சிங் பவுடர் கூடுதலாகப் போடுவார்கள். அந்த வாரங்களில் வாசனையை நம்பாமல் சொட்டு மருந்து சேர்ப்பதே நல்லது.

கடினத் தண்ணீருக்கு இன்னொரு குணம் உண்டு, சேர்க்கையை நேரடியாகப் பாதிப்பது. பொதுவாக அதன் பி.எச். 7.5-க்கு மேல் இருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் ஒரு பகுதிதான் கொடிய விஷம். அந்தப் பகுதி பி.எச்.சும் சூடும் ஏற ஏறக் கூடும். பி.எச். 7-இல், 25 டிகிரியில் அது 1 சதவீதம்கூட இல்லை. பி.எச். 8, 30 டிகிரி என்றால் சுமார் 7.5 சதவீதம். அதாவது பத்து மடங்குக்கும் மேல். குளிர்ந்த மென்னீரில் 12 மீன் தாங்கும் தொட்டி என்று எங்கோ படித்திருந்தால், அதே தொட்டியில் இங்கே 7 அல்லது 8 என்று எண்ணுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் யார் பிழைப்பார்கள்

மே மாதத்தில் மாடி அறையில் இருக்கும் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடுவது இங்கே சாதாரணம். 26 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 8.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிக்கும், 32 டிகிரியில் 7.3-தான். சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடும். வரவு குறைந்து செலவு கூடும் குடும்பம்போல ஆகிவிடும் தொட்டி.

கோல்டு ஃபிஷ் 18 முதல் 24 டிகிரி வரை நன்றாக இருக்கும் மீன். அதை ஏஞ்சலோடு வைக்கக்கூடாது என்பதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது, அது போடும் கழிவின் அளவு. மூன்றாவது, மெதுவாக நீந்தும் அதன் வாலைப் பார்த்தால் பார்ப்புக்கு விளையாட்டுச் சாமான். கோல்டு ஃபிஷுக்குத் துணை இன்னொரு கோல்டு ஃபிஷ்தான், அதிலும் உருண்டை உடம்பு ஒராண்டாவோடு நீள உடம்பு காமெட் வேண்டாம், தீனியை எல்லாம் காமெட் அள்ளிவிடும்.

"மிஸ் கேரளா" என்று விற்கும் சிவப்புக் கோட்டு மீனையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். பக்கத்து மாநில மீன்தானே, நம்ம வெயிலுக்குப் பழகியிருக்கும் என்று தோன்றும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடும், குளிர்ந்த, ஆக்சிஜன் மிகுந்த ஆற்று மீன் அது. 12, 15 செ.மீ. வளரும், கூட்டம் கேட்கும். கடலோரத்து 2 அடித் தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சூட்டைக் குறைக்க, மூடியைத் திறந்து தண்ணீர்ப் பரப்பின்மேல் ஒரு சிறிய ஃபேனைச் சாய்த்து வைத்தால் ஆவியாகி 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் குறைந்த அளவை நிரப்பும்போது மட்டும் ஆர்.ஓ. ஊற்றுங்கள், போர் ஊற்றினால் டி.டி.எஸ். வாரத்துக்கு வாரம் ஏறும். மூடி திறந்திருந்தால் ஸ்வார்டு டெயில் குதிக்கும். கொசுவலைத் துணி கட்டிவிடுங்கள். மார்கழியில் கதை வேறு. இரவில் தண்ணீர் 23, 24-க்கு இறங்கலாம். கப்பிக்கும் பிளாட்டிக்கும் அது பிரச்சினை இல்லை. ஏஞ்சலுக்கு 26-இல் ஒரு ஹீட்டர் இருந்தால் நல்லது. டிஸ்கஸ் 28-க்குக் கீழே சோர்ந்துவிடும் மீன், ஆரம்பத்திலேயே அதைத் தொடாதீர்கள்.

கடையில் இருப்பது குட்டி

கடைத் தொட்டியில் நீங்கள் பார்ப்பது மூன்று, நான்கு மாதக் குட்டிகள். 5 ரூபாய் நாணயம் அளவு ஏஞ்சல் ஓராண்டுக்குள் உள்ளங்கை அளவு ஆகும். ஆஸ்கார் 30 செ.மீ. தாண்டும். ஷார்க் என்று விற்கும் சாம்பல் நிற மீனுக்கும் கடல் சுறாவுக்கும் எந்த உறவும் இல்லை. ஹோட்டலில் "பாசா" என்று ஃபிஷ் ஃபிங்கருக்குப் போடுகிறார்களே, ஆந்திரக் குளங்களில் டன் கணக்கில் வளர்க்கிறார்களே, அதே கெளுத்தி இனம். ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். பயந்த சுபாவம், விளக்கைப் போட்டாலே கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொள்ளும். எந்த வீட்டுத் தொட்டியிலும் அதற்கு இடம் இல்லை என்பதே நேர்மையான பதில்.

சக்கர் இன்னொரு ஏமாற்று. சிறியதாக இருக்கும்போது பாசி தின்னும். 15 செ.மீ. ஆனபிறகு மற்ற மீனின் தீனியைத்தான் தேடும், தின்ற பாசியைவிட அதிகக் கழிவு போடும், 30 செ.மீ.க்கு மேல் போகும். பட்டினி கிடந்தால் இரவில் ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் போன்ற தட்டை அல்லது சோம்பேறி மீன்களின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும். காலையில் மீனின் விலாவில் காசு அளவு செதில் உரிந்து சிவந்திருந்தால் குற்றவாளி அதுதான். பாசிதான் கவலை என்றால் 12 செ.மீ. அளவிலேயே நின்றுவிடும் பிரிசில்நோஸ் என்ற சிறிய சக்கர் வகையைக் கேளுங்கள், அல்லது நெரைட் நத்தை. நத்தை ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும், ஆகவே கடினத் தண்ணீர் அதற்கு வரம்.

இடக் கணக்கு இப்படி. தொட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.இல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி என்றால் 56 லிட்டர் சொச்சம். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 தேறும். 7 செ.மீ.க்கு உட்பட்ட மெலிந்த மீன்களுக்கு, வளர்ந்த நீளம் 1 செ.மீ.க்கு 1.5 லிட்டர் என்று வையுங்கள். 45 லிட்டருக்கு 30 செ.மீ. மீன். பெரிய மீனுக்கு இந்தக் கணக்கு உதவாது: 30 செ.மீ. ஆஸ்கார் ஒன்றும் 3 செ.மீ. கப்பி பத்தும் ஒன்றல்ல, ஆஸ்காருக்கு ஒற்றையாகவே 250 லிட்டர் வேண்டும்.

கூடவே ஒரு பொது விதி: ஒரு மீனின் வாயில் இன்னொன்று நுழையுமானால் அது துணை அல்ல, தீனி. ஏஞ்சல் சாதுவாக நியானோடு ஆறு மாதம் சுற்றும். பிறகு ஒரு காலையில் எண்ணிப் பார்த்தால் நியான் இரண்டு குறைந்திருக்கும், ஏஞ்சலின் வயிறு உப்பியிருக்கும். ஏஞ்சல் கெட்டுப்போகவில்லை, அதன் வாய் வளர்ந்துவிட்டது.

ஆறு பேர் இருந்தால் சாது, இரண்டு பேர் இருந்தால் ரௌடி

இப்போது குணத்துக்கு வரலாம். ஜோடி வாங்கும் பழக்கம் அதிகமாகக் கெடுப்பது இங்கேதான். டைகர் பார்ப் கூட்ட மீன். கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்று ஓயாமல் துரத்திக்கொள்ளும். அதுதான் அதன் அன்றாட வேலை. எட்டு பத்து இருந்தால் அந்தத் துரத்தல் அவற்றுக்குள்ளேயே சுழன்று தீர்ந்துவிடும். இரண்டு மட்டும் இருந்தால் துரத்த ஆள் இல்லாமல் பக்கத்தில் மெதுவாகப் போகும் ஏஞ்சலின் துடுப்பு, கப்பியின் வால், கௌராமியின் மீசை என்று இறங்கும். செர்பே டெட்ராவும், கறுப்புப் பாவாடை கட்டியதுபோல இருக்கும் விடோ டெட்ராவும் இதே ரகம். எட்டு டைகர் பார்ப் இருந்தாலும் நீள வால் மீனோடு சேர்க்க வேண்டாம். அவற்றின் அண்டை வீட்டுக்காரர் வேகமாக நீந்துபவராக, குட்டைத் துடுப்புள்ளவராக இருக்க வேண்டும்: ரோஸி பார்ப், ஜீப்ரா டேனியோ போல.

கோரி, லோச் போன்ற அடிமட்ட மீன்கள் யாரையும் கடிக்காது. அவற்றுக்கு எதிர்ப் பிரச்சினை: இரண்டே இரண்டு இருந்தால் பயந்து கல்லுக்கடியிலேயே ஒண்டும், தீனிக்குக்கூட வராது. ஆறு வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

குட்டி போடும் மீனில் ஜோடி என்பது பெண்ணுக்குத் தண்டனை. ஆண் கப்பி நாள் முழுக்க விடாமல் துரத்தும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் இருந்தால் அந்தத் தொல்லை பங்கு பிரியும். ஆனால் பெண் கப்பி ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும், ஒரு முறை சேர்ந்த விந்தை மாதக்கணக்கில் வைத்திருந்து மறுபடி மறுபடி ஈனும். ஆண் இல்லாத தொட்டியில் குட்டி வந்தது எப்படி என்று குழம்ப வேண்டாம். பெருக்கம் வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வாங்குங்கள், நிறமும் அவற்றுக்குத்தான்.

தன் இனத்தோடும் சொந்தக்காரரோடும் மட்டும் சண்டை போடுபவர்கள் உண்டு. ஆண் ஃபைட்டர் இன்னோர் ஆண் ஃபைட்டரைக் கொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது கௌராமியையும் பகையாளியாகப் பார்க்கும், ஏனென்றால் இரண்டும் மேலே வந்து காற்றை விழுங்கும் ஒரே குடும்பம். விசிறி வால் ஆண் கப்பியை இன்னொரு ஃபைட்டர் என்று தவறாக எண்ணித் தாக்குவதும் உண்டு. ஃபைட்டரை 15, 20 லிட்டரில் தனியாக வைப்பதே இரண்டு தரப்புக்கும் நல்லது. ஃபிளவர் ஹார்னும் அப்படித்தான்: துணை தேடாதீர்கள், தொட்டியைப் பெரிதாக்குங்கள்.

முட்டை விடும் காலத்தில் குணம் தலைகீழாகும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு ஏஞ்சல் ஜோடி சேர்ந்து ஃபில்டர் குழாயில் முட்டை ஒட்டிவிட்டால், அதுவரை அமைதியாக இருந்த தொட்டியின் பாதி அவற்றின் சொத்து. மற்றவை எல்லாம் எதிர் மூலையில் குவிந்து நிற்கும்.

தீனி விஷயம் சுருக்கமாக. டேனியோ மேலே போட்டதை மூன்று நொடியில் முடித்துவிடும், கௌராமி யோசித்து யோசித்துத் தின்னும். இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். கோரிக்கு விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் வில்லை. "கீழே விழும் மிச்சத்தைத் தின்னும்" என்று கோரியை நம்பவைத்துப் பட்டினி போட்டவர்கள் ஏராளம்.

வீட்டுக்குக் கொண்டு வருவது

இந்தப் பக்கத்துக் கடைகளுக்கு மீன் பெரும்பாலும் சென்னை கொளத்தூர் வழியாக வருகிறது. "லோடு எப்போ வந்துச்சு?" என்று கேளுங்கள். அன்றைக்கே வந்த மீனை வாங்க வேண்டாம். நான்கைந்து நாள் கடைத் தண்ணீரில் நின்று தீனி தின்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். தொட்டி முன்னால் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். ஒரு மீன் மட்டும் மூலையில் தலை கீழாகச் சாய்ந்து நின்றாலோ, எதிலாவது உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள், நன்றாக இருப்பதைக்கூட.

புது மீனை நேரே பெரிய தொட்டியில் விடாமல், ஒரு 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் ஸ்பான்ஜ் ஃபில்டர் போட்டு இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள். பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் உங்கள் தண்ணீர் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் பையின் அளவு இரட்டிப்பானதும் மீனை மட்டும் வலையில் எடுத்துவிடுங்கள். பைத் தண்ணீர் வாஷ்பேசினுக்கு.

தொட்டி புதியது என்றால் அவசரப்படவே கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாக, அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். தெரிந்தவர் ஓட்டும் ஃபில்டரின் அழுக்குப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காலம் பாதியாகக் குறையலாம். அதன்பிறகும் ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்கக்கூடாது. முதலில் பயந்த, சிறிய மீன்கள். ஒரு வாரம் விட்டு அடுத்த கூட்டம். இடம் பிடித்துக்கொள்ளும் குணமுள்ளது கடைசியில். ஏஞ்சலை முதலில் விட்டுவிட்டு அப்புறம் கௌராமியைச் சேர்த்தால், வந்தவர் வாடகைக்காரர் ஆகிவிடுவார். அப்படி ஏற்கெனவே நடந்திருந்தால், புது மீனை விடும் அன்று கல், கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி விளக்கை அணைத்துவிடுங்கள், எல்லை மறந்துபோகும்.

துடுப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சேர்க்கை சரியில்லை என்று மீன் சொல்லும் இடம் துடுப்பு. கடி வாங்கிய துடுப்பில் பிஸ்கட்டைக் கடித்ததுபோலச் சிறு பிறை வடிவங்கள் இருக்கும், ஓரம் சுத்தமாக இருக்கும், ஒன்றிரண்டு மீனுக்கு மட்டும் நடந்திருக்கும். அழுகல் நோய் என்றால் ஓரம் வெண்மையாகிப் பிசிறுபிசிறாகக் கரையும், சில நேரம் அடிப்பக்கம் சிவக்கும். எல்லா மீனும் ஒரே நாளில் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மேலே வந்து மூச்சு வாங்கினால் அது சண்டையும் இல்லை, அழுகலும் இல்லை, அம்மோனியா. மூன்றுக்கும் மருத்துவம் வேறு. கடிக்கு மருந்து ஊற்றிப் பயன் இல்லை, கடிப்பவரைப் பிரிக்க வேண்டும். அம்மோனியாவுக்கு உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்த வேண்டும்.

ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு மீன் ஒடுங்கி நின்றால், மற்றவை தின்ன வரும்போது அது மட்டும் வராவிட்டால், அதற்கு வெளியில் தெரியும் காயம் இல்லாவிட்டாலும் அது துரத்தப்படுகிறது. இரவில் விளக்கை அணைத்து இருபது நிமிடம் கழித்து ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில் நல்ல பிள்ளையாக இருப்பவர் யார் என்று தெரியும்.

இரண்டு தொட்டிகள், கணக்கோடு

கடலோரத்து உப்புப் போர், 2 அடித் தொட்டி: 5 ஆண் கப்பி, 3 ஆண் பிளாட்டி, 2 நெரைட் நத்தை. வளர்ந்த நீளம் கூட்டினால் 30 செ.மீ. சுற்றிவரும். மணிக்கு 300 முதல் 400 லிட்டர் ஓடும் இன்டர்னல் ஃபில்டர், அதன் வேகம் வாலை இழுக்காதபடி வாய் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருக்கட்டும். ஹீட்டர் வேண்டாம். வாரம் 12 லிட்டர் தண்ணீர் மாற்றம், அதாவது ஒரு பக்கெட்டுக்கும் குறைவு. பார்க்க வெறுமையாக இருக்கிறது என்று இரண்டாவது வாரம் தோன்றும். செடி வையுங்கள்.

டி.டி.எஸ். 400-க்குள் இருக்கும் வீடு, 36 அங்குல நீளம் 15 அகலம் 18 உயரம்: உள்ளே 130 லிட்டர் தேறும். பேர்ல் கௌராமி ஓர் ஆண் இரண்டு பெண் மேலும் நடுவிலும், ஸ்டெர்பாய் கோரி ஆறு அடியில், பிரிசில்நோஸ் ஒன்று கட்டையில். ஸ்டெர்பாய் என்று பெயர் சொல்லிக் கேட்பதற்குக் காரணம் உண்டு, கோரி வகைகளில் சூடு தாங்குவது அது. பாண்டா கோரி நம்ம மே மாதத்தைத் தாண்டாது. கோரியின் மீசை தேயாமல் இருக்க அடியில் கூரான கல்லுக்குப் பதில் கழுவிய மணல். கடற்கரை மணல் வேண்டாம், உப்பும் சிப்பித் தூளும் கலந்தது. இந்தத் தொட்டியில் நோய்க்கென்று கைநிறைய உப்புப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், கோரிக்கு ஆகாது.

எந்தத் தொட்டியானாலும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபோது கடலூர்ப் பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை தொட்டது. ஃபில்டர் நின்ற தொட்டியில் முதலில் மூச்சுத் திணறுவது எண்ணிக்கை மிஞ்சிய தொட்டிதான். காற்றை நேரே விழுங்கும் கௌராமி அப்போதும் தப்பும், பார்ப் தப்பாது. அந்த நாட்களில் தீனியே போடாதீர்கள்.

ஏற்கெனவே தவறான கூட்டம் வீட்டில் இருக்கிறது என்றால், முதலில் வெளியேற வேண்டியது ஷார்க்கும் சக்கரும். ஊசுட்டேரியிலோ கெடிலம் ஆற்றிலோ விட்டுவிட வேண்டாம். சக்கர் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. பெரிய மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு, பணம் எதிர்பார்க்காமல் கேட்டால் சரி என்பார்கள். கொண்டுபோவதற்கு முந்தைய நாளே தீனியை நிறுத்துங்கள். சக்கரை வலையில் அள்ளாதீர்கள், துடுப்பு முள் வலையில் சிக்கினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து ஓரமாக ஓட்டினால் தானே உள்ளே போகும். பையில் போட்டாலும் அதே முள் பையைக் குத்தும். மூடி போட்ட பெயின்ட் வாளியில் பாதி தொட்டித் தண்ணீர் ஊற்றி, வெயில் ஏறும் முன் கொண்டு போய்விடுங்கள்.